ஈரம் படாத இடம்

எட்டுதான் இருந்தன. ஜெரால்டின் மறுபடியும் எண்ணினாள். சுண்டுவிரல் நீளத்தில், நீலமும் பச்சையும் கலந்து மினுங்கும் அந்தக் குரோமிஸ் மீன்கள் எப்போதும் ஒரே கூட்டமாக ஒரே பக்கம் திரும்பும் என்பதால் எண்ணுவதில் சிரமமில்லை. காலையில் தீனி போட்டபோது ஒன்பது. மத்தியானம் மூன்று மணிக்கு எட்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில், கீழே மோனோரயில் கடக்கும்போதெல்லாம் மேற்பரப்பு மெல்லச் சிலிர்க்கும் அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில், பம்பின் முணுமுணுப்பும் குமிழிகளின் சலசலப்பும் வழக்கம்போலவே கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்பதாவது மீன் பின்மூலையில், வாயைப் பிளந்தபடி மணல்மேல் கிடந்தது.

அந்த மூலைக்கு நேர் எதிரேதான் அக்கா டோரிஸின் பிரம்பு நாற்காலி.

மூன்று மணி என்றால் டோரிஸுக்கு டீ வேண்டும். குரல் கொடுக்க மாட்டாள். நாற்காலிக் கையில் மோதிரத்தால் தட்டுவாள். டக், டக், டக். "மீனுக்கு வேளை தவறாம ஊட்டுற. கூடப் பொறந்தவ மோதிரம் தேயத் தட்டணும்," என்பாள். அவள் போய் இரண்டு மாதமாகிறது. நாற்காலியை மட்டும் யாரும் நகர்த்தவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு ஏழு. அதற்கு அடுத்த நாள் ஆறு.

மூன்றாவது மீன் செத்த அன்றுதான் ஷாஹுல் ஹமீது தண்ணீர் மாற்ற வந்தான். இராமநாதபுரத்துப் பையன். கிள்ளானில் ஒரு மீன் கடையில் பெர்மிட்டில் வேலை செய்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீல டிரம்களில் கடல் தண்ணீர் கொண்டுவருவான்.

"தண்ணி டெஸ்ட் எல்லாம் நல்லாத்தான்கா இருக்கு. குரோமிஸ் புத்தியே அப்படி. கூட்டமாப் போகும், பார்க்க அழகா இருக்கும். உள்ளுக்குள்ள ஒன்னுக்கொன்னு ஆகாது. வீக்கானதப் பிடிச்சு ஒதுக்கி வெச்சே கொன்னுடும். கடைசில ஒன்னுதான் மிஞ்சும்."

"கடிச்ச காயமே இல்லையேப்பா."

அவன் செத்த மீனை உள்ளங்கையில் போட்டு, ஃபோன் வெளிச்சத்தில் செவுளை நகத்தால் விலக்கினான்.

"என்னக்கா, செவுள் ரெண்டுலயும் மணல் அடைச்சிருக்கு? உங்க தொட்டியில கிடக்கிறது மாவு மாதிரி. இது பெரிய ரகம், சிவப்புத் துண்டெல்லாம் கலந்திருக்கு. இந்தப் பவழ மணல்ல ஒரு பை நான்தானே கொண்டாந்தேன்? பிடிக்கலன்னு ஓரமா வெச்சீங்களே. அத எங்க கொட்டினீங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க?"

"குப்பையிலதான். வேற எங்க? உன் வேலையப் பாரு."

அவன் வேலையைப் பார்த்தான். போகும்போது வாசலில் நின்று, "தண்ணி மேலயும் குத்தம் இல்லக்கா. கேத்தாம் தீவு தாண்டி, நடுக்கடல்ல போய் எடுக்கிறது," என்றான்.

ஜெரால்டின் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

அந்த மணல் குப்பைக்குப் போகவில்லை. தேவாலயத்தின் பின்கட்டில், சாம்பல் ஜாடிகள் வைக்கும் சுவர் மாடத்தில், மூன்றாவது வரிசையில், டோரிஸ் பெயர் பொறித்த கல்லுக்குப் பின்னால் இருந்தது. ஃபாதர் அதற்குத்தான் தீர்த்தம் தெளித்தார். டோரிஸின் மகன் பிரையன் அதைத்தான் நெஞ்சோடு அணைத்து அழுதான்.

டோரிஸ் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது, ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே சிரித்தாள். "ரபேல் ஞாபகம் இருக்கா? செந்தூல் ரயில்வேல இருந்தானே, உன்னைப் பொண்ணு கேட்டு வந்தவன். இவளுக்கு வலிப்பு இருக்குன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

"என்ன சொன்ன?"

"கஞ்சி ஆறிப்போச்சு லா. சூடு பண்ணிட்டு வா."

ரபேல் ஏன் திரும்பி வரவில்லை என்று முப்பத்திரண்டு வருடம் யோசித்தவள், கஞ்சியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து ஊட்டினாள்.

டோரிஸுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். சின்ன வயதில் மோரிப் கடற்கரையில் தம்பி மார்க் மூழ்கியதைப் பார்த்தவள். அதற்குப் பிறகு கடலில் காலே வைத்ததில்லை. "என்ன ஈரம் படாத இடத்துல வை, ஜெரி. அது ஒன்னுதான் கேக்குறேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஜெரால்டின் தலையாட்டினாள். ஜாடி ஒரு ராத்திரி வீட்டில் தங்கியது. மறுநாள் காலை முதல் படகில் கேத்தாம் போகும் வழியில், பின்தளத்தில் தனியாக நின்று சாம்பலைக் கடலில் கொட்டினாள். டோரிஸின் உடைந்த இடுப்புக்குப் போட்டிருந்த இரும்பு ஸ்க்ரூ கடைசியாக விழுந்தது. படகின் கைப்பிடிக் கம்பியில் பட்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஜாடியை மணலால் நிரப்பினாள். கனம்கூடச் சரியாக இருந்தது.

அந்த மணல் எப்படி மீனின் செவுளுக்கு வந்தது?

சாயங்காலம் பிரையன் சுபாங் ஜெயாவிலிருந்து ஃபோன் செய்தான்.

"சின்னம்மா, கல்லறைத் திருநாளுக்கு ரெண்டரைக்கு வரேன், ரெடியா இருங்க. அம்மாவோட செபமாலைய ஜாடிக்குள்ள வெச்சிடலாம்னு இருக்கேன். ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். தொறந்து குடுப்பாங்களாம்."

"எதுக்குப்பா தொறக்கணும்? செத்தவங்கள நிம்மதியா விடு."

"ஒரு தடவ பார்க்கணும் போல இருக்கு, சின்னம்மா."

"சாம்பல்ல என்ன பார்க்கப் போற?"

"அம்மாவத்தான்," என்றான்.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. தொட்டியில் மீனும் ஆறுதான் இருந்தது. அதைக் கவனித்ததும் விரல் விட்டு மறுபடியும் எண்ணினாள். சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் பிரையன் இந்த வாசலை மிதிக்க மாட்டான். உலகத்தில் அவளுக்கு மிஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான். சொல்லவில்லை. நாற்காலியைப் பார்த்து மட்டும் பேசினாள். "முப்பத்திரண்டு வருஷம் அக்கா. நீ செஞ்சதுக்கு நான் செஞ்சது சரியாப் போச்சு. மீன விட்டுடு."

பிரம்பு லேசாக முனகியது. மழைக்காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு மூன்று மீன்கள் மிஞ்சியிருந்தன. அவற்றை வலையில் பிடித்து, புதிதாக உப்புக் கலந்த தண்ணீரில், ஒரு சுத்தமான வாளியில் விட்டு, சமையலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வெளியே வானம் கறுத்து மழை கொட்டியது. மூடிய கதவுக்கு அந்தப்பக்கம், ஹாலில், டக், டக், டக். அவள் ஒரு நொடிதான் தலையைத் திருப்பினாள். திரும்பி வாளியைப் பார்த்தபோது இரண்டுதான் நீந்தின. மூன்றாவது கிடந்தது. அதன் கீழே, யாரும் போடாத மணல், ஒரு பிடி. நடுவே சிவப்புத் துண்டுகள்.

மிஞ்சிய இரண்டையும் தொட்டியிலேயே கொண்டுபோய் விட்டாள். ஒளிக்க இடம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

கல்லறைத் திருநாளன்று பிரையனிடம் காய்ச்சல் என்று சொன்னாள். அவன் தனியாகப் போனான். ஜெரால்டின் தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு மீன். கூட்டம் இல்லாமல் எந்தப் பக்கம் திரும்புவது என்று அதற்குத் தெரியவில்லை. மழை ஜன்னலை அறைந்தது. சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. நாற்காலி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மூன்று.

மீன் இல்லை. மேலே இல்லை. அடியிலும் இல்லை. தண்ணீர் மட்டும்.

ஃபோன் அடித்தது.

"சின்னம்மா, தொறந்துட்டோம்." பிரையனின் குரல் இறங்கியிருந்தது. "ஜாடி முழுக்க ஈரம். தண்ணி எப்படிப் போச்சுன்னு ஃபாதருக்கே புரியல. சாம்பல் சேறு மாதிரி இருக்கு. கடல் வாடை அடிக்குது."

"சாம்பலா?"

"ஆமா. அம்மாவோட இடுப்பு ஸ்க்ரூகூட இருக்கு."

சாம்பல். மணல் இல்லை. அவளுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. தப்பித்தாயிற்று. பிரையனுக்கு ஒன்றும் தெரியாது. இனி ஒருபோதும் தெரியாது.

"இன்னொன்னு, சின்னம்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மேல குட்டி குட்டியா மீன் கிடக்கு. பச்சையா. எண்ணிப் பார்த்தேன். ஒம்பது."

செத்த எட்டையும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியவள் அவள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தொண்டையில் ஏதோ உறுத்தியது. இருமினாள். உள்ளங்கையில் வெள்ளை மணல். பெரிய ரகம். ஒரு சிவப்புத் துண்டு.

அக்கா திரும்பி வந்துவிட்டாள். அப்படியென்றால் ஜாடியில் இருந்த மணல்?

மறுபடி இருமினாள். ஒரு பிடி. மூச்சை இழுத்தாள். மூக்கிலும் மணல்.

"சின்னம்மா? லைன்ல இருக்கீங்களா?"

முதுகுக்குப் பின்னால் பிரம்பு முனகியது. யாரோ சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

டக். டக். டக்.

தொட்டிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வாய் பிளந்திருந்தது. வாயிலிருந்து மணல் வழிந்து மடியில் விழுந்தது. மடி நிறைந்து தரையில் கொட்டியது. ஒரு ஜாடி அளவுக்கு மேலேயே வந்தாயிற்று. இன்னும் வந்துகொண்டிருந்தது.