மூன்றாவது கொயில்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் கஜேந்திரனின் கராஜ் இருந்தது. காலை பத்து மணிக்கு மனைவி றேணுகாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரின் முன் இருக்கையில் இருத்தினான். வாரத்தில் மூன்று நாள் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்தால்தான் அவள் உயிரோடு இருப்பாள். ஒரு நாள் தவறினாலே மூச்சு முட்டிவிடும்.

போன மாதம் இந்தக் கார் காலை வாரிவிட்டது. மூன்றாவது சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் கொயில் செத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் உதறி உதறி நடுவழியில் நின்றது. புதுக் கொயில் கொழும்பில் எங்கும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எப்போதும் சந்தனம் மணக்கும் நாச்சம்மை என்ற அம்மா இதே மாதிரிக் காரைச் சேர்விஸுக்கு விட்டிருந்தார். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று கஜேந்திரன் அவருடைய நல்ல கொயிலைக் கழற்றித் தன் காரில் போட்டான். தன்னுடைய கெட்ட கொயிலை அவருடைய காரில் பூட்டி அனுப்பினான். புதுசு வந்ததும் மாற்றிக்கொடுக்கலாம் என்று நினைத்தான். எந்தத் திருடனும் முதலில் அப்படித்தான் நினைப்பான்.

நான்காம் நாள் தெஹிவளை ரயில் கடவையில் அந்த அம்மாவின் கார் நின்றுபோனது. ரயில் நிற்கவில்லை.

இன்று ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் லேசாக உதறியது. கஜேந்திரன் பொனட்டைத் திறந்தான். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு கொயிலின் வயரையும் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. நல்ல கொயிலைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடும். தள்ளாடாவிட்டால் அதுதான் கெட்டது.

முதலாவதைக் கழற்றினான். தள்ளாடியது. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதைக் கழற்றினான்.

எஞ்சின் இம்மியும் அசையவில்லை. இருந்த உதறல்கூட நின்று, சீராக ஓடியது. சூடான எண்ணெய் நாற்றத்துக்குள் எங்கிருந்தோ சந்தன மணம் வந்தது.

பொனட்டின் இடுக்கால் உள்ளே பார்த்தான்.

றேணுகாவின் தலை தொங்கியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

வயரைச் செருகினான். அவள் மூச்சை இழுத்து நிமிர்ந்தாள்.

எதையும் இரண்டு தரம் சோதிப்பது தொழில் பழக்கம். பாழாய்ப்போன அந்தக் கை இன்னொரு தரம் கழற்றியது.

தலை மறுபடி தொங்கியது.

வயரைச் செருகிவிட்டு அவளிடம் ஓடினான்.

"இஞ்சேருங்கோ, நெஞ்சுக்குள்ள ஆரோ கையை விட்ட மாதிரிக் கிடந்தது" என்றாள் மெதுவாக.

"ஒண்டுமில்லை றேணு. நீர் கண்ணை மூடிக்கொண்டு இரும். கெதியாப் போயிடலாம்."

காலி வீதியில் வெயில் கொளுத்தியது. கண்ணாடிகள் திறந்திருந்தும் காருக்குள் சந்தன மணம் போகவில்லை. தெஹிவளையை நெருங்கும்போது பெற்றோல் விளக்கு எரிந்தது. முள் அடியில் கிடந்தது.

றேணுகா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"எஞ்சின நிறுத்திடாதீங்க தம்பி. அன்னைக்கு நின்னுதான் போச்சு."

கஜேந்திரன் திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்த றேணுகா அப்படிப் பேசுகிறவளே அல்ல. அது செட்டியார் தெருவில் பிறந்து வளர்ந்த நாச்சம்மை அம்மாவின் பேச்சு.

"அம்மா, பிழை என்னுடையது" என்று முணுமுணுத்தான். "என்னை எடுங்கோ. அவளை விடுங்கோ."

எஞ்சின் சீராக ஓடியது.

வேறு வழியில்லாமல் பெற்றோல் செட்டுக்குள் திருப்பினான். பெற்றோல் அடிக்கும் நரைத்த மனிதர் குழாயை எடுத்தபடி குனிந்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"மஹத்தயா, எஞ்சின் எக ஓஃப் கரன்ன."

"பே அய்யே" என்றான் கஜேந்திரன். முடியாது என்று தலையையும் ஆட்டினான். "பே."

எஞ்சினை நிறுத்தாமல் எந்தச் செட்டிலும் பெற்றோல் அடிக்க மாட்டார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். மனிதர் சலித்துக்கொண்டு ஜன்னலுக்குள் கையை விட்டார். கஜேந்திரன் தட்டிவிடுவதற்குள் சாவியைத் திருகி உருவிவிட்டார்.

றேணுகாவின் தலை கதவுப் பக்கம் சாய்ந்தது.

கஜேந்திரன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். நாடி இல்லை. கழுத்தில் விரலை வைத்தான். அங்கும் இல்லை. மனிதரின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, செருகி, முழுப் பலத்தோடு திருகினான்.

கரகரவென்று பற்சக்கரங்கள் உராயும் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்தால் வரும் சத்தம் அது.

சாவியை உருவியபோதும் எஞ்சின் நிற்கவே இல்லை. நின்றது றேணுகாவின் நெஞ்சுதான்.