உப்புக்குகையில் இரும்பாயி

"ஆறு மணிக்குள்ள முத்த எடுத்தாகணும். இல்லன்னா பர்வீன் அக்காவோட நிலாராணி போனது போனதுதான். கெளம்புங்க!"

ஜெசிந்தா இப்படிச் சொன்னபோது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடம். தூத்துக்குடியில், தன் வீட்டின் பின்னறையில், பழைய கணினிக்கு முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த நாளுக்காக மாதாகோயிலில் விடியற்காலை நடக்கும் முதல் பூசைக்கே போய்விட்டு வந்துவிட்டாள். மாலையில் யாரும் கூப்பிடக் கூடாதென்று அம்மாவிடம் மூன்று முறை சொல்லியும் வைத்திருந்தாள்.

'ஏழாழி' என்பது அவரவர் வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடும் இணைய விளையாட்டு. அதில் ஜெசிந்தாவின் பெயர் இரும்பாயி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை கவசம், கையில் ஆளுயரக் கேடயம். வாள் ஒன்றும் உண்டு. ஆனால் அதை வைத்து வெங்காயம்கூட நறுக்க முடியாது! இரும்பாயியின் வேலை வெட்டுவது அல்ல, அடி வாங்குவது. மிருகத்தை வம்புக்கு இழுத்து, அதன் முகத்தைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கூட்டாளிகள் பின்னாலிருந்து அதைத் தாக்குவார்கள். இப்படி நிற்பவரை ஆட்டக்காரர்கள் 'டேங்க்' என்பார்கள்.

கூட்டாளிகள் மொத்தம் மூன்று பேர். கோபிச்செட்டிபாளையத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை பார்க்கும் கார்வேந்தன் வில்லாளி. வியாசர்பாடி டில்லிபாபு நெருப்பை வீசும் மந்திரவாதி. பத்தொன்பது வயது, பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மூன்றாவது ஆள் மேலப்பாளையம் பர்வீன் அக்கா. இரண்டு பிள்ளைகளின் தாய். ஆட்டத்தில் அவர் நிலாராணி என்ற வைத்தியச்சி. நான்கு வருடங்களாக இரும்பாயி வாங்கிய ஒவ்வோர் அடிக்கும் மருந்து போட்டவர் அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு இதே குகையில் நிலாராணி விழுந்துவிட்டாள். உப்புக்குகையின் சட்டம் பொல்லாதது. அங்கே விழுந்தவர் விழுந்த இடத்திலேயே உப்புச்சிலையாகிவிடுவார். குகையைக் காக்கும் ராட்சத நண்டு கொடுக்கரசனைக் கொன்று, அதன் குழியில் இருக்கும் உயிர்முத்தை எடுத்து ஏழு நாளுக்குள் சிலையின் மேல் வைத்தால் பிழைக்கலாம். தவறினால் சிலை கரைந்துவிடும். நான்கு வருட உழைப்பும் அதோடு கரைந்துவிடும். அந்த ஏழாம் நாள்தான் இன்று.

"வேண்டாம்ட்டி ஜெசி," என்று பர்வீன் அக்காவின் குரல் ஹெட்போனில் கேட்டது. சிலையாகிவிட்டாலும் அவரால் பார்க்க முடியும், பேச முடியும். நகரத்தான் முடியாது. "வைத்தியச்சி இல்லாம அந்த நண்டுகிட்ட போனவன் எவனும் திரும்பல. நீங்களும் செலையாயிருவீங்க. நான் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிக்கிடுதேன்."

"அதெல்லாம் முடியாதுக்கா. பதினாலு மருந்துக் குப்பி வச்சிருக்கேன். வந்துக்கிட்டே இருக்கோம்."

"யக்கா, நீ இன்னாத்துக்கு ஃபீல் பண்ற?" என்றான் டில்லிபாபு. "போன தபா நண்டு அடிக்கிறப்ப நீ கொஞ்சம் லேட்டா குரல் குட்த்துட்ட, அவ்ளோதான மேட்டரு? யாருக்குத்தான் மிஸ் ஆவல? வுடு!"

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. அவள் இரும்பாயியைக் குகைக்குள் நடத்தினாள்.

உள்ளே வெள்ளை இருட்டு! மேலிருந்து உப்பு ஈட்டிகள் தொங்கின. இருபதடி போவதற்குள் வௌவால் கூட்டம் ஒன்று கிரீச்சிட்டுக்கொண்டு பாய்ந்தது. இரும்பாயி வம்புக்கு இழுக்கும் பொத்தானை அழுத்துவதற்குள் டில்லிபாபு நெருப்பை வீசிவிட்டான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அவன் தலையில் இறங்கியது.

"அட சாமி! அம்மிணி மொதல்ல போயி நிக்கட்டும், அப்பறம் அடிக்கலாம்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று கார்வேந்தன் சலித்துக்கொண்டார்.

ஜெசிந்தா ஓடிப்போய்க் கேடயத்தைக் குறுக்கே பிடித்து அவனைக் காப்பாற்றினாள். அதற்கு மூன்று குப்பி காலி. அடுத்து வந்தது நசுக்குக் கதவு. மேலிருந்து இறங்கும் பாறையை இரும்பாயி தோளில் தாங்கிப் பிடிக்க, மற்ற இருவரும் அடியில் குனிந்து ஓடினார்கள். அதற்கு இன்னும் இரண்டு குப்பி. மணி ஐந்தே கால் ஆகும்போது கையில் இருந்தவை ஒன்பது.

கடைசி வளைவு திரும்பியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

பெரிய மண்டபம். நடுவில் ஒரு குழி. குழிக்குள் வீடு அளவு நண்டு ஒன்று கொடுக்கை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. குழிக்கு முன்னால் நிற்பதற்கு இருந்தது ஒரே ஒரு பாறைத்திட்டு. அந்தத் திட்டின் பின்கோடியில், கையைத் தூக்கியபடி, வெள்ளை வெளேரென்று நிலாராணியின் சிலை நின்றது. பாதம் ஏற்கெனவே கரையத் தொடங்கியிருந்தது.

"பாத்துக்கங்க," என்றார் கார்வேந்தன் மெல்ல. "அந்தச் செலை மேல கொடுக்கு ஒரு வாட்டி பட்டாப் போதும், தூளாயிரும். அம்மிணி, நீங்க திட்டவிட்டு ஒரு அடி ஒதுங்குனாலும் அடி நேரா அக்கா மேலதானுங் விழும்."

"ஒதுங்க மாட்டேன்," என்றாள் ஜெசிந்தா. "ஆனா எனக்கு ஒரு ஆள் வேணும். நண்டு பக்கத்துல நின்னா எனக்கு அதோட வயிறுதான் தெரியும், கண்ணு தெரியாது. பெரிய கொடுக்க ஓங்கறதுக்கு முன்னால அது கண்ண உள்ள இழுத்துக்கிடும். அந்த நொடியில கேடயத்தத் தூக்குனா அடி படாது. பர்வீன் அக்கா, எப்பவும் போல நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ஒரு குழந்தை எதற்கோ சிணுங்குவது மட்டும் கேட்டது.

"அக்கா?"

"என்னால ஏலாதுட்டி. போன வாரம் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சரியாத்தான் சொன்னோம்னு தோணுது, ஆனா நீ ஒதுங்கிட்ட. அப்ப நான் லேட்டாத்தான் சொல்லியிருப்பேன். இப்பயும் பிந்திட்டேன்னா நீயும் போயிருவ. வேற யாரையாவது பாக்கச் சொல்லு."

வேறு யார் பார்ப்பது? மற்ற இருவரும் நண்டின் முதுகுப் பக்கம் நிற்க வேண்டியவர்கள். மணி ஐந்து இருபது. ஒரு வாரமாக நெஞ்சுக்குள் கிடந்ததை இப்போது எடுத்து வெளியே போடாவிட்டால் இந்தக் குகைக்குள் வந்ததே வீண்!

"நீங்க லேட்டாச் சொல்லலக்கா," என்றாள். "நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல. உங்க வீட்டுல அன்னைக்குக் குக்கர் விசில், மிக்ஸி, பிள்ளைங்க சண்ட எல்லாம் ஒண்ணாக் கேட்டுச்சு. காது வலிச்சிச்சின்னு உங்க சத்தத்த மட்டும் சுத்தமாக் கொறச்சி வச்சிட்டேன். அஞ்சு நிமிசம்தானேன்னு நெனச்சேன், பொறவு கூட்டவே மறந்துட்டேன். கொடுக்கப் பாத்ததும் பயந்து ஒதுங்கிட்டேன், அடி உங்க மேல விழுந்திருச்சி. தப்பு என்னோடது. நீங்க உங்க மேல பழியப் போட்டுக்கிட்டப்போ வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான்."



"ஏழு நாளு!" என்றார் பர்வீன் அக்கா. "ஏழு நாளா எங்க பிந்துனேன், எங்க பிந்துனேன்னு மனசப் போட்டு ஒழட்டிக்கிட்டுக் கெடக்கேன். சோறு எறங்கல. ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு ஏழு நாளாட்டி?"

"மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வெக்கமா இருக்குக்கா."

"கேக்காத. இப்ப என்கிட்ட எதுவும் கேக்காத." நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "சத்தம் இப்ப எம்புட்டு வச்சிருக்க?"

"முழுசா வச்சிருக்கேன்."

"இங்கன கொண்டக்கடல வேகுது. விசில் அடிக்கும்."

"அடிக்கட்டும்க்கா."

"அப்ப கேடயத்தத் தூக்கு. மத்தத பொறவு பேசிக்கிடுவோம்."

இரும்பாயி திட்டின் மேல் ஏறிக் காலை ஊன்றினாள். வம்புக்கு இழுக்கும் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். "வாடா!"

கொடுக்கரசன் எழுந்தான்! மண்டபம் குலுங்கியது. உப்பு ஈட்டிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சிறிய கொடுக்கு டமார் டமாரென்று கேடயத்தில் இறங்கியது. ஜெசிந்தாவின் திரையில் நண்டின் மஞ்சள் வயிற்றைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் இரும்பாயியின் உயிர்க்கோடு குறைந்தது. ஒரு குப்பி குடித்தாள். இன்னொன்று.

"கண்ணு உள்ள போச்சி!"

சட்டென்று கேடயம் உயர்ந்தது. பெரிய கொடுக்கு இடிபோல் இறங்கி, கேடயத்தில் பட்டுத் தெறித்தது. ஒரு துளி உயிர்கூடக் குறையவில்லை!

"அப்படிப் போடு!" என்று கார்வேந்தன் கூவினார். அவர் அம்புகள் ஓட்டின் இடுக்கில் சரமாரியாகப் பாய்ந்தன. டில்லிபாபுவின் நெருப்பு நண்டின் முதுகைச் சுட்டது. உற்சாகம் தலைக்கேறி அவன் அடுத்தடுத்து மூன்று நெருப்புருண்டைகளை வீசிவிட்டான். நண்டு வலி தாளாமல் அவன் பக்கம் திரும்பப் பார்த்தது.

"டில்லி, கைய நிறுத்து!" ஜெசிந்தா கத்திக்கொண்டே மறுபடி வம்புக்கு இழுத்தாள். "பத்து எண்ணுற வரைக்கும் ஒண்ணும் வீசாத!"

"எண்றேன், எண்றேன்!" அவன் எண்ணியும் விட்டான். வாழ்நாளில் முதல் முறையாக இருக்கும்.

நண்டின் முகம் இரும்பாயியிடமே திரும்பியது. குப்பிகள் ஆறு, நான்கு, இரண்டு என்று கரைந்தன. மேலப்பாளையத்தில் மிக்ஸி ஓடியது. யாரோ யாருடைய பென்சிலையோ பிடுங்கி, யாரோ அலறினார்கள். அத்தனைக்கும் நடுவில் அக்காவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "உள்ள போச்சி! தூக்கு!" ஒவ்வொரு முறையும் கேடயம் சரியாக உயர்ந்தது. ஜெசிந்தா வேறெதையும் பார்க்கவில்லை. காதை மட்டும் தீட்டி வைத்திருந்தாள்.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. கடைசிக் குப்பியும் தீர்ந்தது. இரும்பாயியின் உயிர்க்கோடு நகக்கண் அளவு சிவப்பாக மிச்சமிருந்தது. நண்டுக்கும் சாகும் நேரம்தான். ஆனால் சாகப்போகும் வெறியில் அது இரண்டு கொடுக்கையும் ஒன்றாக விரித்தது.

"ஓடிரு ஜெசி!" பர்வீன் அக்கா அலறினார். "ஒண்ணு தப்புனாலும் செத்துருவ! என்னைய விட்டுட்டு ஓடிரு!"

"நான் ஒதுங்குனா பின்னால நிக்கிறது நீங்கக்கா."

"சொன்னாக் கேளுட்டி!"

"கேட்டுட்டுத்தான் நிக்கேன். நீங்க கண்ணப் பாருங்க!"

ஜெசிந்தாவுக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். போன வாரம் வந்த அதே பயம்தான் இப்போதும் வந்தது. கால் மட்டும் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலப்பாளையத்துக் குக்கர் வீறிட்டது! காதைக் கிழிக்கும் விசில்! அந்த விசிலின் அடியில், மெல்லிய நூலாக ஒரு குரல்.

"உள்ள போச்சி!"

கேடயம் உயர்ந்தது. இரண்டு கொடுக்கும் ஒன்றாக மோதின. மண்டபமே வெளுத்தது. இரும்பாயி முழங்காலில் சரிந்தாள், ஆனால் திட்டைவிட்டு இம்மியும் அசையவில்லை. பின்னாலிருந்து கார்வேந்தனின் அம்பும் டில்லிபாபுவின் நெருப்பும் ஒரே இடத்தில் பாய்ந்தன. கொடுக்கரசன் ஒரு முறை நிமிர்ந்து, ஆடி, தன் குழிக்குள்ளேயே மல்லாக்க விழுந்தான்!

"சாச்சிட்டோம்டா!" டில்லிபாபு போட்ட கூச்சலில் வியாசர்பாடித் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"கூத்தாடறத அப்பறம் வெச்சுக்கலாம் தம்பி. அம்மிணி, முத்து!" என்று கார்வேந்தன் விரட்டினார்.

ஜெசிந்தா குழியில் குதித்தாள். உடைந்த ஓடுகளுக்கு நடுவில் எலுமிச்சம்பழ அளவு முத்து ஒன்று பால்நிறமாக மின்னியது. எடுத்தாள், ஏறினாள், ஓடினாள். சிலைக்கு முழங்கால் வரை கரைந்திருந்தது. மணி ஐந்து ஐம்பத்தெட்டு. தூக்கிய அந்த வெள்ளைக் கையில் முத்தை வைத்தாள்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உப்பு படபடவென்று வெடித்தது. விரல் வந்தது, தோள் வந்தது, பச்சைப் பாவாடை வந்தது. நிலாராணி கண்ணைத் திறந்தாள்!

எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை வேறென்ன? கையை நீட்டினாள். பச்சை ஒளி ஒன்று இரும்பாயியின் மேல் பொழிந்தது. நகக்கண் அளவு கிடந்த உயிர்க்கோடு கிடுகிடுவென்று நிறைந்தது. அதைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்குத் திரை மங்கலாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்கு பேரும் குகையைவிட்டு வெளியே வந்தபோது ஏழாழியின் கடல்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"யக்கா, உம்மேல தப்புன்னு சொன்னேன்ல. சாரி," என்றான் டில்லிபாபு. கார்வேந்தனும் தொண்டையைச் செருமி, "நானுந்தானுங்க அப்படி நெனச்சுப்போட்டேன்," என்றார்.

"உங்க கத இருக்கட்டும்," என்றார் பர்வீன் அக்கா. "ஜெசி, ஒம்மேல கோவம் இன்னும் போகலட்டி."

"போகாதுக்கா. தெரியும்."

"ஒரு வாரத்துக்கு இருக்கும்."

"இருக்கட்டும்க்கா. யாரு சத்தத்தையும் இனிமே நான் கொறைக்கப் போறதில்ல. திட்டினாலும் முழுசாக் கேப்பேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். பர்வீன் அக்கா பதறினார். "ஐயோ, கடலய மறந்தே போனேன்! அஞ்சு விசிலு வைக்கணும். எத்தன ஆச்சின்னே தெரியல."

"நாலுதான் ஆயிருக்குக்கா," என்றாள் ஜெசிந்தா. "நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."