கடை வேறு, வீடு வேறு

நாகலாபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே தரணியின் அம்மா தேவயானி இட்லிக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் இட்லி எல்லாம் தீர்ந்துவிடும். ஆனாலும் உளுந்து வாங்கப் போகும்போது அம்மாவின் கையில் காசு போதாது. பல மாதங்களாக இதே கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடும்போது அம்மா சொல்லிவிட்டார். கடையை மூடப் போகிறாராம். இன்னும் எட்டு நாளில், திங்கட்கிழமை முதல் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகப் போகிறாராம். விடியும்போது பஸ் ஏறினால், இருட்டிய பிறகுதான் வீடு.

ஏழாம் வகுப்புப் படிக்கும் தரணி தட்டைத் தள்ளி வைத்தாள். அம்மா இல்லாத வீட்டை நினைத்ததும் அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு யோசித்தாள். இட்லி தீர்ந்துபோகிறது. காசு மட்டும் வரவில்லை. அப்படியானால் இட்லி எங்கே போகிறது?

மறுநாள் காலை கடை ஓரமாக நின்று கவனித்தாள்.

தரணி நைனா என்று கூப்பிடும் அப்பா ஆதிநாராயணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஆறு இட்லி சாப்பிட்டார். கூட வந்த நண்பருக்கும் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்தார் என்பது பேச்சுக்குத்தான், காசு ஒன்றும் தரவில்லை. அண்ணன் யஸ்வந்த் வடைகளாகப் பார்த்துப் பொறுக்கினான். அம்மாவின் தம்பி துலுக்காணம் மாமா தன் வீட்டுக்கே பார்சல் கட்டிக்கொண்டு போனார்.

தரணி தன் தட்டைப் பார்த்தாள். அதிலும் நான்கு இட்லி இருந்தது. வெட்கமாக இருந்தது. பசியும் இருந்ததால் சாப்பிட்டாள்.

அன்று மாலை ஒரு காலி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். இந்த வாரம் முழுக்க, வீட்டு ஆட்கள் சாப்பிட்டாலும் வெளி ஆட்களைப் போலவே காசு போட வேண்டும் என்றாள். தன் சேமிப்பிலிருந்து முதல் காசைப் போட்டாள்.

அம்மா சுட்ட இட்லிக்குக் காசு கேட்கும் வீடு உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று யஸ்வந்த் குதித்தான். நைனா சிரித்தார்.

"என் பையிலேர்ந்து எடுத்து உங்கம்மா பையில போடணுமா? ரெண்டும் ஒரே வூட்டுக் காசுதானேம்மா?"

"கடையை மூடிட்டா நாஷ்டாவுக்கு எங்க போவே நைனா?"

"வேற ஓட்டலுக்கு."

"அங்க சும்மா குடுப்பாங்களா?"

நைனா சிரிப்பை நிறுத்தினார்.

"கடை நஷ்டத்துல ஓடல நைனா. நாமதான் அதைத் துன்னுக்கினு இருக்கோம்" என்றாள் தரணி.

அந்த வாரம் வீட்டில் பலருக்குப் பசி குறைந்துவிட்டது. யஸ்வந்துக்கு ஒரு வடையே போதுமானதாக இருந்தது. மாமா முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு காசு போட்டார். நைனாவின் நண்பர் தானே காசு கொடுத்துச் சாப்பிட்டார். இத்தனை நாளும் கொடுக்க நினைத்தாராம், நைனாதான் விடவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் இருந்ததையும் கடையில் வந்ததையும் பாயில் கொட்டினார்கள். அரிசிக்கு, உளுந்துக்கு, கேஸுக்கு என்று எடுத்து வைத்த பிறகும் ஒரு குவியல் மிச்சம் இருந்தது.

"இதெல்லாம் லாபம்" என்று யஸ்வந்த் கையை நீட்டினான்.

தரணி அவன் கையை விலக்கினாள். "மாவு ஆட்டினவங்களுக்குக் கூலி குடுக்காம லாபம்னு எப்பிடி சொல்றது? அம்மா, இந்தா, உன் சம்பளம்."

அதை எடுத்த பிறகு மிஞ்சிய லாபம் சின்னதுதான். ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். தன் கடையில் முதல்முறையாகச் சம்பளம் வாங்கிய அம்மா, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை விடியும்போது கம்பெனி பஸ் கடை முன்னால் வந்து நின்றது. அம்மா ஏறவில்லை. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு இட்லிக் குண்டானைத் திறந்தார். ஆவி பஸ் வரைக்கும் போயிருக்க வேண்டும். டிரைவர் இறங்கி வந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

அன்று நைனாவுக்கு ஓர் இட்லிகூட மிஞ்சவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.