பின்பெஞ்சில் ஓர் ஆள் இடம்

உலகைச் சுற்ற மனிதன் கப்பல் கட்டினான், நிலவை மிதிக்க ராக்கெட் கட்டினான், குடும்பத்தோடு கடலோரம் சுற்றுவதற்காகப் பட்டாபிராம் தங்கவேல் வீட்டுக்கே சக்கரம் கட்டினார் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜானகிராமன் மாலை போட்டு முழங்கியபோது தெருவே கைதட்டியது. அந்த வீடு எண்பத்தேழாம் வருஷத் தீபாவளி வரை பிணம் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. இது தங்கவேலுக்கும் வண்டியை விற்ற சுலைமானுக்கும் மட்டும் தெரியும். ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதனை செய்த வண்டி என்று மனைவி சொர்ணத்திடம் சொல்லி வைத்திருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்மேன் அவர். பின்னால் பிணம் கிடத்துவதற்கென்று இருந்த நீள இரும்புத் தட்டை எவ்வளவு முயன்றும் பெயர்க்க முடியாததால், அதையே அகலப்படுத்தி, நாலு பேர் தாராளமாகப் படுக்கும்படி ஸ்பாஞ்சும் சிவப்பு ரெக்சினும் தைத்து, சோபா என்று பெயர் வைத்தார். முன்கண்ணாடிக்கு மேலே 'தங்க இல்லம்' என்று எழுதியாயிற்று. கன்னியாகுமரி வரை போயாயிற்று. பாறையும் கடலுமாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

திருமங்கலம் தாண்டும்போதுதான் அவர் அதைக் கவனித்தார். அவ்வளவு பெரிய சோபாவில் மகள் தாட்சாயிணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தவள் ஜன்னலோடு ஜன்னலாக ஒடுங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் வந்து சாயேன் என்றார்.

"எடம் உட்டுகினு கீறேன்பா," என்றாள்.

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைச் சற்று மேலே திருப்பி வைத்தார்.

முந்தைய நாள் மதியம், முட்டம் தாண்டிக் குளச்சல் போகும் வழி. ஒரு பக்கம் செம்மண் மேடு, மறுபக்கம் பாறைமேல் அலை வந்து உடைந்துகொண்டிருந்த கடல். மீன் வறுவலைத் தின்றுவிட்டு சொர்ணமும் மகளும் மச்சான் வேம்புலியும் பின்னால் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் ஒரு பெண் நின்றாள். ஓரத்தில், கிழிந்த பாய்மரத் துணிமேல், அப்போதுதான் தண்ணீரிலிருந்து தூக்கிய ஒருவன். பாறையில் மோதிச் சட்டை நாராகியிருந்தது. என் வீட்டுக்காரர்தான், இன்னும் மூச்சு இருக்கிறது, ஆஸ்பத்திரிவரை கொண்டுவிட்டால் போதும் என்றாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, உள்ளே ஆள் கிடக்க இடம் இருக்கிறதே என்றும் சொன்னாள்.

தங்கவேல் ரெக்சினை நினைத்தார். உப்புத் தண்ணீர் ஸ்பாஞ்சில் இறங்கினால் நாற்றம் போகாது. இது ஃபேமிலி வண்டி, இடம் இல்லை, பின்னால் ஜீப் ஒன்று வருகிறது என்று கூறி கியரைப் போட்டார். ஜீப் எதுவும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது, கிடந்தவன் ஒரு கையை மெல்லத் தூக்கினான்.

செத்தவன் கை தூக்கமாட்டான்.

சாவி கொடுக்கும்போது சுலைமான் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அண்ணாத்தே, இந்த வண்டி இன்னி வரிக்கும் யாரையும் வாணாம்னு சொன்னதில்ல. நீயும் சொல்லாத." வியாபாரப் பேச்சு என்று நினைத்துச் சிரித்திருந்தார்.

திருச்சியில் சோபாவின் நடுப்பகுதி நனைந்திருந்தது. தண்ணீர் டிரம் ஒழுகுகிறது என்று சொர்ணம் துடைத்தாள். துணியைப் பிழிந்தபோது மணல் உதிர்ந்தது. துடைத்த இடம் சிறிது நேரத்தில் மறுபடி நனைந்தது. கடலையே கூட இட்டாந்துட்டியா மாமே என்று வேம்புலி சிரித்தான். அவனும் அந்த இடத்தில் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று அவனுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

விழுப்புரத்துக்கு அப்பால், எஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. பாறை இடுக்கில் அலை புகுந்து, உள்ளே நிறைந்து, வெளியேற வழி தேடிக் கொளகொளத்துத் திரும்பும் சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடி புகும் சத்தம். ஒரே சீராக. நெஞ்சு முழுக்கத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓர் ஆள் மூச்சு விட்டால் அப்படித்தான் இருக்கும். ரேடியோவைப் போட்டார். பாட்டுக்கு நடுவிலும் அது கேட்டது.

சொர்ணம் முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாத்த மறைக்கிற நீ?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா கண்ணாடிய ஏன் மேல பாக்க வச்சுகினு கீற?"

அவர் கியரை மாற்றினார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏதாவது தப்பு பண்ணிட்டு வந்திருந்தா சொல்லு. திரும்பிப் போலாம். நானும் வரேன்."

வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் கண் பரிசோதனை வண்டியின் கதையையும் சொல்லியிருக்க வேண்டும். மாலை போட்ட ஜானகிராமன் முகத்தில் விழிக்க முடியாது. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், லீவு இல்லை என்றார். சொர்ணம் அவரை ஒருமுறை பார்த்தாள். எழுந்து பின்னால் போய்விட்டாள்.

செங்கல்பட்டில் வேம்புலியின் பேச்சு நின்றது. ஸ்ரீபெரும்புதூரில் சொர்ணத்தின் வளையல் சத்தம் நின்றது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, ஸ்பிரிங் முனகிக்கொண்டு ஓடியது. கருவாடு மாதிரி, மல்லிப்பூ மாதிரி, இரண்டும் சேர்ந்து அழுகியது மாதிரி ஒரு வாடை முன்சீட்டுக்கு வந்தது.

மகளின் குரல் மட்டும் கேட்டது. தூக்கக் கலக்கமில்லாத, தெளிவான குரல்.

"தள்ளிப் படு மாமா. அவரு கால நீட்டணுமாம்."

ரெக்சின் கிரீச்சிட்டது.

யாரோ காலை நீட்டினார்கள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு. நிறுத்தினார். சாவியை உருவினார். பூ வாங்கிவருகிறேன் என்று சொன்னார். யாரும் ஊம் கொட்டவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கினார். பூக்காரியைக் கடந்தார். நடந்தார். நடை ஓட்டமாயிற்று. ஆவடி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. தொற்றி ஏறினார்.

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தபிறகுதான் யோசித்தார். போலீஸோடு திரும்பி வரலாம், சங்கத்து ஆட்களோடு வரலாம், பகலில் வரலாம். காற்று முகத்தில் அடித்தது. வெறும் காற்று. உப்பு இல்லை. அந்த நிம்மதி அவருக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நிம்மதிதான்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஆள் ஏற்ற பஸ் நின்றது. ஒரு வண்டி பின்னாலிருந்து மெதுவாக வந்து, ஒட்டி உரசி, முந்தியது. எஞ்சின் சத்தம் இல்லை. 'தங்க இல்லம்'. ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை.

பின்கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே, ரோட்டைப் பார்த்து, வரிசையாக நாலு ஜோடிப் பாதங்கள். ஒன்று வேம்புலியுடையது. ஒன்று மெட்டி போட்டது. ஒன்று சின்னது. ஒன்று பாறையில் கிழிந்து வெளுத்து, மணல் ஒட்டியது. நாலு ஜோடியிலும் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டிருந்தது. சின்னப் பாதங்களின் முடிச்சு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. நெருக்கியடித்துப் படுத்து, ஓரத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

சாவி சட்டைப்பையில் குத்தியது. வண்டி வளைவில் திரும்பி, ஏரிப் பக்கம் இறங்கியது.

கண்டக்டர் வந்து, எங்கே போகணும் என்று கேட்டார்.

தங்கவேல் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. ஆவடிக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்.