சத்தம் போடாத பெட்டி

சுவிட்சைப் போட்டதும் முன்னறைக் கடிகாரம் நின்றுபோய்விட்டது என்றுதான் முதலில் அவன் நினைத்தான். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த வட்டக் கடிகாரம் அது. பகலெல்லாம் இருக்கிற இடம் தெரியாது, வீடு அடங்கிவிட்டால் மட்டும் டக் டக்கென்று உயிரை வாங்கும். இப்போது அந்த டக் டக் இல்லை. நிமிர்ந்து பார்த்தான். நொடிமுள் தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்து பெட்டியை அணைத்தான். டக், டக், டக். மறுபடி போட்டான். ஒன்றுமில்லை.

பெட்டி சத்தம் போடாமல் இருக்க வேண்டும், சரி. அதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டது. கடிகாரம் எதற்கு வாயை மூட வேண்டும்?

இந்தக் கேள்வியை அவன் அப்போதே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அவன் தொழிலே காதுதான். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வேலையிடத்தில் அவனுக்குக் காதுக்காரன் என்றுதான் பெயர். ஆனால் தான் செய்த பொருள் தான் நினைத்ததைவிட நன்றாக வந்துவிட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பெருமைதான் வந்தது. பூரித்துப்போய் நின்றான் மனுஷன்.

எல்லாம் குழந்தை பிறந்த பிறகு ஆரம்பித்தது. அவனுக்குச் சினிமாப் பைத்தியம் உண்டு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை டிவியோடு இணைத்து வைத்திருந்தான். அதன் ஃபேன் ஓடினால் அறைக்குள் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். குழந்தையோ ஊசி விழுந்தால் எழுந்துவிடுகிற ரகம். ஒருநாள் அவன் மனைவி, தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு வந்து நின்று, குரலை உயர்த்தாமலே சொன்னாள். “ஒண்ணு இந்தப் பெட்டி இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

மச்சான், அதாவது அவளுடைய தம்பி, போனில் சிரித்தான். “கடையில ரெடிமேடா சின்னதா கிடைக்குது மாமா. வாங்கி டிவி பின்னாடி சொருகினா வேலை முடிஞ்சது. நீங்க ஏன் மெனக்கெடறீங்க?” அதற்குப் பிறகு அவன் ரெடிமேட் வாங்குவானா? மூடிப்போன ஆபீஸ் ஒன்றிலிருந்து கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைச் சல்லிசாகப் பிடித்தான். சுற்றுகிற டிஸ்க்கைக் கழற்றி, சுற்றாத டிஸ்க்கைப் போட்டான். ஃபேன் வைத்த பவர் சப்ளையை எடுத்துவிட்டு, லேப்டாப் சார்ஜர் மாதிரி வெளியே கிடக்கிற அடாப்டருக்கு மாற்றினான். சைக்கிள் டியூபை வட்டவட்டமாக வெட்டி ஒவ்வொரு திருகாணிக்கும் அடியில் கொடுத்தான். மிச்சம் இருந்தது ஒன்றுதான். உள்ளே சூடாகிற சிப்பின் மேல் இருக்கிற கடைசி ஃபேன்.

அதற்கும் பழைய சாமான் கடைக்காரரிடம் வழி இருந்தது. அடுக்கின் பின்னாலிருந்து துணி சுற்றிய ஒரு ஹீட் சிங்க்கை எடுத்து வைத்தார். தகடு தகடாக, கறுப்பாக, அளவுக்கு மீறிய கனம். பெயர் எதுவும் பொறிக்கவில்லை.

“இதை மாட்டுனா ஃபேனே வேண்டாம் சார். சூடெல்லாம் இதுவே இழுத்துக்கும்.”

“புதுசா?”

“ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“ஏன், என்ன குறை?”

“கேட்டேன் சார். கையை மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டாங்க. வாயே தொறக்கல.”

எவ்வளவு கேட்டாலும் குறைக்காத கடைக்காரர், அன்றைக்குக் கேட்காமலே விலையைக் குறைத்தார். அவனுக்கு அது வாய்த்த அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

முதல் படம் முடிந்ததும் மூடியைத் திறந்து ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பார்த்தான். சுடும் என்று விரலை மெதுவாகத்தான் வைத்தான். சில்லென்று இருந்தது. அதிலிருந்து எழுந்த வாடை எரிந்த தூசியோ பிளாஸ்டிக்கோ அல்ல, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. சூடு எங்கேதான் போகிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போகிற இடத்துக்குப் போகட்டும் என்று மூடிவிட்டான்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் கொண்டாட்டம்தான். ஃப்ரிட்ஜ் உறுமல் போனது. சீலிங் ஃபேனின் கிறீச் போனது. எதிர் ஃபிளாட்டுக்காரர் தினமும் நாற்காலியை இழுக்கிற ஓசை, தெருவில் பிரேக் அடிக்கிற வண்டிகள், குழாயின் சொட்டு, ஒவ்வொன்றாகக் கழன்று போயின. படத்தின் குரல்கள் மட்டும் காதுக்குப் பக்கத்தில் பேசுவது போல் துல்லியமாக வந்தன. குழந்தை விடியும்வரை தூங்கினாள். மனைவியின் கண்ணில் சிவப்பு தணிந்தது. “உங்களைத் திட்டுனதுக்கு மன்னிச்சுக்கங்க, சாமி மாதிரி இருக்கு உங்க பெட்டி” என்று அவன் தலையைக் கோதிவிட்டுப் போனாள். கடிகாரம் விஷயத்தை அவளிடம் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் அவள் குளியலறைக் கதவை ஓங்கித் திறந்துகொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள்.

“எத்தனை தடவை கத்துறது?”

“நீ எப்ப கூப்பிட்ட?”

“துண்டு எடுத்துக் குடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். டிவி முன்னாடி உக்காந்தா உலகமே மறந்துடும் உங்களுக்கு. காதுக்காரனாம், காதுக்காரன்.”

அவன் சிரித்து மழுப்பினான். ஆனால் குளியலறை நாலு எட்டுத் தூரம்கூட இல்லை. அன்றைக்கே காது டாக்டரிடம் போனான். அவர் ஹெட்போனை மாட்டிச் சோதித்துவிட்டு, “இந்தக் காதுக்கு என்ன குறைச்சல்? எனக்கே பொறாமையா இருக்கு” என்றார். மதியம் வேலையிடத்தில் லிஃப்டில் ஏறினான். மேலே மோட்டாரில் ஒரு திருகாணி தளர்ந்திருப்பது பளிச்சென்று கேட்டது. ஆக, காதில் ஒன்றுமில்லை. வீட்டில்தான்.

அன்று சாயங்காலம் மனைவி உள்ளறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வேண்டுமென்றே ஒரு படத்தைப் போட்டான். வெறும் பனி. ஆள் அரவமற்ற வெள்ளை வெளியில் ஒரு மனிதன் நடந்து போகிறான், பேச்சில்லை, இசையில்லை. இடப்பக்க ஸ்பீக்கரில் ஏதோ கேட்டது. டக், டக், டக். பனியில் ஏது கடிகாரம்? காதைத் தீட்டினான். டக் டக்கின் பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமியது. நாற்காலி இழுபட்டது. எங்கோ குழாய் சொட்டியது. இத்தனை நாளும் அவன் வீட்டிலிருந்து காணாமல்போன அத்தனையும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே, தண்ணீர் விழுகிற ஓசையோடு, தெளிவாக, அவன் மனைவியின் குரல்.

“ஏங்க, துண்டு எடுத்துக் குடுங்க.”

படத்தை நிறுத்தினான். பனியில் நடந்தவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். ஓசை நிற்கவில்லை.

“ஏங்க. ஏங்க. காது கேக்கலையா?”

பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினான். திரை அணைந்தது. ஸ்பீக்கர் அடங்கியது. அறையில் அவன் மட்டும் இருந்தான், மூச்சு வாங்கியபடி. அந்த மூச்சு அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? பெட்டியைப் போர்வையில் சுற்றி டிவி ஸ்டாண்டின் அடியறையில் தள்ளிக் கதவைச் சாத்தினான். ரிப்பேர் என்றான். மனைவிக்கு அதைக் கேட்கவும் நேரமில்லை. பிரசவ லீவு முடிந்து மறுநாள் மதியம் அவள் லேபில் வேலைக்குச் சேர வேண்டும். ரத்த மாதிரிகளைச் சோதிக்கிற வேலை, போனை உள்ளே எடுத்துப்போக முடியாது. அவன் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்பும்போது வாசலுக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே அவள் திரும்பினாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவ அழுதா உடனே தூக்கிடணும். விட்டீங்கன்னா மூச்சு அடைச்சுக்கும், அன்னைக்குப் பாத்தீங்கல்ல, உதடெல்லாம் நீலமாச்சு. உங்களுக்குக் கேக்கும்தான?”

“கேக்கும். போ. நிம்மதியாப் போ.”

அந்த வாசலில் நின்று சொன்னது அவனுக்கே கேட்டது. அந்தத் தைரியத்தில்தான் அவளை அனுப்பினான். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான். தண்ணீர் தொட்டியில் விழுந்து சிதறியது. ஓசையில்லை. கையிலிருந்த தட்டை வேண்டுமென்றே தரையில் போட்டான். அது எகிறி, விளிம்பில் நின்று சுழன்று சுழன்று, தள்ளாடி, மெதுவாகப் படுத்தது. ஓசையில்லை. கைதட்டினான். உள்ளங்கை எரிந்தது. அவ்வளவுதான். மகளை அவன் கூப்பிடுகிற செல்லப்பெயர் குட்டிமா. அதை வாய்விட்டுச் சொன்னான். நாக்கு அசைந்தது, தொண்டை அதிர்ந்தது, வார்த்தை வெளியே வந்த மாதிரியே இல்லை. பெட்டிக்கு மின்சாரம் இல்லை. வயர்கூட அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

உள்ளறைக்கு ஓடினான். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன மார்பு ஏறி இறங்கியது. ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து தொட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். காது கைவிட்டால் என்ன, கண் இருக்கிறது. வைத்த கண் வாங்காமல் பார்த்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜன்னல் வெளிச்சம் சுவரில் சரிந்து, மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டிலின் நிழல் தரையில் நீண்டது. பூட்டிக் கிடந்த அறையின் அந்த வாடை முன்னறையிலிருந்து மெல்ல வந்து எட்டியது. கண் எரிந்தது. இமைக்கப் பயமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் யார் வந்து நின்றாலும் தெரியாதே என்ற நினைப்பு வந்ததும் கழுத்து விறைத்துக்கொண்டது. திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கக் கூடாது. குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

திரும்பினான். ஒரு கணம்தான். யாருமில்லை.

மறுபடி குனிந்தபோது குழந்தை விழித்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. நாக்கு துடித்தது. கண்ணீர் காதுவரை வழிந்து தலையணையை நனைத்திருந்தது. எவ்வளவு நேரமாக அழுகிறாள்? உதட்டோரம் நீலம்.

வாரி எடுத்தான். தோளில் போட்டான். ஓடினான். முன்னறை. டிவி ஸ்டாண்ட். அடியறைக் கதவு திறந்திருந்தது. போர்வை கலைந்திருந்தது. பார்க்கவில்லை. பார்க்க மாட்டான். வாசல். தாழ்ப்பாள். வெளியே.

கதவு பின்னால் டப்பென்று அறைந்து தானாகப் பூட்டிக்கொண்டது.

டப். அவனுக்குக் கேட்டது.

உலகம் அவன் காதில் கொட்டியது. லிஃப்டின் மோட்டார், அதில் லேசாக உரசுகிற பெல்ட், கீழே ஏதோ பையன் பந்தடிக்கிற தொம் தொம், மேல்மாடியில் பிரஷர் குக்கர், தெரு ஹாரன்கள். சுவரில் சாய்ந்து நின்றான். கடவுளே, பிழைத்தோம் என்று நினைத்தான். அத்தனை சந்தோஷம் அவனுக்கு அவள் பிறந்த அன்றைக்குத்தான் வந்திருக்கும். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். சின்ன உடம்பு விம்மி விம்மித் தூக்கிப்போட்டது. உதட்டில் நீலம் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. இன்னும் அழுகிறாள். அழட்டும்.

அழட்டும்.

தோளிலிருந்து விலக்கிப் பார்த்தான். வாய் திறந்திருந்தது. தொண்டை நரம்பு புடைத்திருந்தது. மூச்சுக் காற்று சூடாக அவன் கன்னத்தில் அடித்தது. பந்து கேட்டது. ஹாரன் கேட்டது. அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

அப்போது வீட்டுக்குள் குழந்தை வீறிட்டு அழுதது.

பூட்டிய கதவுக்குப் பின்னால். முன்னறையில். அவன் மகளின் அழுகை. ஆயிரம் குழந்தைகளுக்கு நடுவிலும் அவனுக்கு அது தெரியும். கையிலிருந்தவள் வாய் மூடியபோது அது நின்றது. அவள் வாய் திறந்தபோது அது எழுந்தது.

படியில் செருப்புச் சத்தம். வேகமாக ஏறி வந்தது. ஆள் தெரிவதற்கு முன்பே அவன் மனைவியின் குரல் வந்தது. “என்னங்க பண்றீங்க உள்ள? தெரு வரைக்கும் கேக்குது அவ அழறது.” சாவிக்கொத்து குலுங்கியது. திருப்பத்தில் ஏறி வந்தவள், சாவியை நீட்டியபடியே, அவனைப் பார்த்து நின்றாள். அவன் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அம்மாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

உள்ளே அழுகை உச்சத்துக்குப் போனது.

அவள் கால்கள் கதவை நோக்கித்தான் போயின. தாயின் கால்கள் வேறெங்கே போகும்? சாவி துளையைத் தேடியது.

திறக்காதே என்று அவன் கத்தினான். நெஞ்சில் இருந்த அத்தனை மூச்சையும் கூட்டிக் கத்தினான். தொண்டை கிழிந்தது.

“தொறக்காத” என்றது அவன் குரல், கதவுக்கு உள்ளேயிருந்து, குழந்தையின் அழுகைக்குப் பக்கத்திலிருந்து. “தொறக்காதம்மா. தொறக்காத.”

சாவி பாதி நுழைந்தபடி நின்றது. அவள் மெல்லத் திரும்பி, தன் எதிரே ஓசையில்லாமல் திறந்து மூடுகிற இரண்டு வாய்களையும் பார்த்தாள்.