வலக்கண்ணைக் குறிபார்

கணவரின் கையில் தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

அவள் தையல்காரி, அந்த வாசனை அவளுக்குத் தெரியாதா? கேட்டதற்கு, கதவுக் கீல் கிறீச்சிட்டது, இரண்டு சொட்டு விட்டேன் என்றார். கீல் இன்னும் கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவர் வீட்டிலிருந்தே அச்சுப் பிழை திருத்துகிறவர். கல்யாணமான நாள் முதல், கையெழுத்துப் பிரதியை அவள் உரக்க வாசிக்க, அவர் அச்சுத்தாளில் சரிபார்ப்பார். சமையல் குறிப்பும் சட்டப் புத்தகமும் ஒரே குரலில் வாசித்துத் தள்ளியிருக்கிறாள். இப்போது வந்திருப்பது, பழைய ராணுவ ரிவால்வர் ஒன்றைப் பற்றிச் சிப்பாய்களுக்காக எழுதிய கையேட்டின் தமிழாக்கம். அது வந்த வாரம்தான் அவள் வாயைத் திறந்தாள்: வாசிப்புக்குத் தவிர வேறெதற்கும் முகம் கொடுக்காத மனுஷனோடு இனி முடியாது, தங்கை வீட்டுக்கே போய்விடுகிறேன். அவர் சரி என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து, அவள் தைக்கும்போதெல்லாம் பக்கத்து அறையில் ஒரு சத்தம். டக். மிதியை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். எங்கேயோ துப்பாக்கி வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று அலமாரி, பரண், மாவு டப்பா, பழைய செருப்புப் பெட்டி வரை துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் முதலிலிருந்து துழாவினாள்.

கடைசிப் பக்கம் பாக்கி இருந்த சாயங்காலம், மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. வாசலில் அவள் பெட்டி தயாராக நின்றது. தங்கை புருஷன் காரில் வந்துகொண்டிருந்தான்.

"இதையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்" என்றார்.

எதிரே உட்கார்ந்து வாசித்தாள். குண்டு போடாத ரிவால்வரோடு பயிற்சி. எதிரே ஒருவரை உட்கார வை. அவருடைய வலக்கண்ணைக் குறிபார்.

அவர் கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். வெறும் கை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டது?

"பேரன் எடுத்தாச்சு, இன்னும் விளையாட்டா உங்களுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. விரல்கள் எதையோ சுற்றி இறுகியிருந்தன. உள்ளங்கைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு துப்பாக்கிப் பிடி அளவுக்கு இடைவெளி. ஏதோ பாரம் தாங்குவதுபோல் மணிக்கட்டில் நரம்பு புடைத்தது.

டக்.

அந்த வெறும் கைக்குள்ளிருந்து.

"அடுத்த வரி" என்றார்.

அடுத்த வரி ஒரே சொல். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவள் வாசிக்காமல் அவர் எதையும் தாண்டிப் போனதில்லை. ஒரு நாளும்.

"நீ சொல்ற வரைக்கும் இப்படியே இருப்போம். எனக்கொண்ணும் அவசரமில்ல."

வெளியே கார் வந்து நின்றது. அழைப்பு மணி. அக்கா, அக்கா என்று தங்கை புருஷனின் குரல். பதில் கொடுக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் எந்தச் சொல் வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடி மணி.

கண்ணையாவது மூடிக்கொள்ளப் பார்த்தாள்.

இடது கண் மூடியது.

வலது மூடவில்லை. இமைகளுக்கு நடுவே, சில்லென்று, வட்டமாக, ஏதோ இருந்தது.