நேற்று வீட்டில் பேசியவர்கள்

வெள்ளைச் சதுரம் இறந்துபோனவர்களுக்கு, நீலச் சதுரம் உயிரோடு இருப்பவர்களுக்கு. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சந்தேகம் கேட்கவில்லை. செவ்வாயின் மண்ணுக்கு அடியில் இருந்த அந்தக் குடியேற்றத்தில் செத்தவர்களும் பேசுவார்கள். அவர்களுடைய பழைய பேச்சை வைத்து ஓர் இயந்திரம் புதுப்பேச்சு தயாரித்து, காதுக்குப் பின்னால் தோலுக்குள் பதித்த செவிமணிக்கு அனுப்பும். அடுத்த அறையில் இருப்பவர் கூப்பிடுவதும் அதே செவிமணியில்தான். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

ஆசிரியை நப்பின்னை பலகையில் தலைப்பை எழுதினாள்: ‘நேற்று வீட்டில் என்னோடு பேசியவர்கள்’. ஆளுக்கொரு சதுரம், அதில் பெயர். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் பட்டை வரைபடம். தன்னையும் ஊரையும் அறியும் பாடம் என்று பாடத்திட்டத்தில் அழகாகப் போட்டிருந்தார்கள்.

இந்த வருடம் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் மின்சாரம் போதவில்லை. இந்தப் பிள்ளைகளின் வீடுகளில், வரைபடத்தில் பெயர் வராத குரல்களை நிறுத்திவிடுவது என்று ஊர்மன்றம் முடிவெடுத்திருந்தது. பெரியவர்களைக் கேட்டால் புளுகுவார்கள் என்று மன்றத்துக்குத் தெரியும்.

நப்பின்னையின் கணவன் இளம்பரிதி சுரங்கத்தில் இறந்து மூன்று வருடம். அந்தக் குரலும் போய்விட்டால் அவள் என்ன செய்வாள்? அவன் பெயரை எழுதக்கூடிய ஒரே பிள்ளை மகள் நறுமுகை, இதே வகுப்பில்தான் இருந்தாள்; வகுப்பில் அவளுக்கு அம்மாவும் டீச்சர்தான். சொல்லிக்கொடுக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

நறுமுகை வந்து ஒரு வெள்ளைச் சதுரத்தை ஒட்டினாள். ‘அப்பா இளம்பரிதி’. நப்பின்னைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நீலம் ஒட்டலியா கண்ணு?”

“நேத்து யாரும் பேசலியே டீச்சர்.”

“அம்மா?”

நறுமுகை யோசித்தாள். “அம்மா அப்பாகூட பேசிட்டிருந்தாங்க. பல்லு விழுந்திடுச்சுன்னு காட்டினேன், பாக்கல. அப்புறம் அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

பல் விழுந்தது நப்பின்னைக்குத் தெரியும். இளம்பரிதிதான் சொன்னான்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். வெள்ளைப் பட்டை பலகையைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது. நீலத்தில் நாலே சதுரம். அதில் மூன்று ஒரே பையனுடையவை. அவன் வீட்டில் செவிமணிகள் பழுதாம். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். அவளுக்கு மட்டும் பயமாக இருந்தது.

மகளோடு இன்றைக்கு உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். அதை முதலில் இளம்பரிதியிடம் சொல்லலாம் என்று, “என்னங்க” என்றாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். காதுக்குள் ஒன்றுமே இல்லை.

சுவர் ஒலிபெருக்கி பட்டியலை வாசித்தது. நிறுத்தப்பட்ட குரல்கள் இருபத்தாறு. இறந்தவர்கள் எல்லார் பெயரும் வரைபடத்தில் வந்துவிட்டதால், அத்தனை பேரும் உயிரோடு சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் இருப்பவருக்கும் இறந்தவருக்கும் குரலுக்கு ஒரே பதிவேடு; அதில் நிறுத்தப்பட்டவரின் செவிமணியும் நின்றுவிடும். தீர்மானம் எழுதியவர்களுக்கு ‘இறந்தவர் குரல்’ என்று குறிப்பிடத் தோன்றவே இல்லை. பதினோராவது பெயர் நப்பின்னை.

“தப்பு நடந்திருக்கு. நான் உயிரோட இருக்கேன்” என்றாள்.

“இறந்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்” என்றது செவிமணிகளை நடத்தும் குரல் நிலையம், சுவர் ஒலிபெருக்கியிலிருந்து மரியாதையாகவே. “நேற்று வீட்டில் நீங்கள் பேசிய ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். அவர் உயிரோடு இருந்தால் இணைப்பு உடனே கிடைக்கும்.”

நப்பின்னை வாயைத் திறந்தாள். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினாள்.

அறையின் மூலையில் நறுமுகை சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செவிமணி வேலை செய்தது.

“நறுமுகை, இங்க பாரும்மா. அம்மா உங்கிட்ட பேசணும்.”

மகள் திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள்.